சின்னப் பண்ணைக்கு எந்த இன்சூரன்ஸை முதலில் எடுப்பது?

கேள்வி: நாலு ஏக்கர்க்காரன்

வணக்கம். போன வருடம் வேலையை விட்டுவிட்டு மனைவியும் நானும் பண்ணையில் இறங்கினோம். நாலு ஏக்கர். காய்கறி, 22 ஆடுகள், நாற்பது கோழிகள், ஆறு தேனீப் பெட்டிகள், ஒரு கொட்டகை, ஒரு பழைய டிராக்டர், ஒரு குட்டை. சனிக்கிழமைகளில் ஆட்கள் குடும்பத்தோடு வந்து காசு கொடுத்துவிட்டு அவர்களே காய் பறித்துக்கொள்கிறார்கள். குழந்தைகளுக்கு ஆட்டுக்குட்டிதான் குறி.

வீட்டுக்கு ஏற்கெனவே பாலிசி இருக்கிறது, அதிலேயே எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு பையன் கொட்டகை ஏணியில் ஏறி வழுக்கி விழுந்தான். முட்டியில் சிராய்ப்புதான். அவன் அப்பா சிரித்துக்கொண்டே, "கை ஒடிந்திருந்தால் உங்கள் பாடு என்ன ஆகியிருக்கும் சார்?" என்று கேட்டார். அன்று இரவு பாலிசியை எடுத்துப் படித்தேன். பாதி புரியவில்லை, புரிந்த பாதி வயிற்றைக் கலக்கியது.

எல்லாவற்றுக்கும் பிரீமியம் கட்ட என்னால் முடியாது. எதை முதலில் எடுக்க வேண்டும்? "சொந்தப் பொறுப்பில் உள்ளே வரவும்" என்று ஒரு பலகை மாட்டினால் போதாதா?

பதில்: கிணற்றடி

பயிருக்கு முதலில் எடுங்கள். மழை பொய்த்தால் வேறு யார் கொடுப்பார்கள்? ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் வயலில் வந்து பார்த்து இழப்பைக் கணக்கிடுகிற பாலிசியா, அல்லது வானிலை நிலையத்து மழைக் கணக்கை வைத்துக் கொடுக்கிறதா என்று. இரண்டாவது வகையில் பணம் சீக்கிரம் வரும். ஆனால் நிலையத்தில் பெய்து உங்கள் வயலில் பெய்யாமல் போனால் கையில் ஒன்றும் நிற்காது. நம்மால் அடுத்தவருக்கு அடிபட்டால் நமக்காகக் கொடுக்கிற பொறுப்பு இன்சூரன்ஸெல்லாம் பெரிய பண்ணைக்காரர்கள் சமாச்சாரம்.

பதில்: எரிந்த கொட்டகை

தம்பி, கிணற்றடி சொல்கிற மழைக் கணக்கு விஷயம் சரி. வரிசையைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் கதையைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், மழை திரண்டு வருகிறதே என்ற அவசரத்தில் புல்லைச் சரியாகக் காயவிடாமல் கட்டுக் கட்டிக் கொட்டகையில் அடுக்கிவிட்டேன். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்து கட்டு தானாகச் சூடேறும். அடுக்கிய முதல் ஆறு வாரம் அதற்குப் பயந்தே இருக்க வேண்டும். எனக்கு இது தெரியாததல்ல. மூன்றாவது வாரம் கொட்டகைப் பக்கம் புகையிலை மாதிரி ஒரு வாசம் வருகிறது என்று வீட்டில் சொன்னாள். நாளைக்குப் பிரித்துப் பார்க்கலாம் என்றேன். அந்த நாளைக்கு வருவதற்குள் விடியற்காலையில் கொட்டகை எரிந்தது.

இழப்பைக் கணக்கிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார், சாம்பலைக் கிளறினார், அளந்தார், அதிகம் பேசவில்லை. பிறகு வந்த கடிதத்தில் இரண்டு அடி. தானாகச் சூடேறி எரிந்த பொருளுக்கு இழப்பீடு கிடையாது, ஆகவே புல்லுக்கு ஒன்றும் இல்லை. விலக்குகள் பக்கத்தில் அது அச்சில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. தீ பரவி எரிந்த கொட்டகைக்கு உண்டு. ஆனால் அங்கேதான் இரண்டாவது அடி. பிரீமியத்தில் மிச்சம் பிடிக்கிறேன் என்று பத்துப் பங்கு மதிப்புள்ள கொட்டகையை ஆறு பங்குக்குத்தான் எழுதியிருந்தேன். எரிந்தது பாதி, அதாவது ஐந்து பங்கு. ஆறுக்கு எழுதியிருக்கிறோமே, ஐந்து முழுசாக வரும் என்றுதானே நினைப்போம்? வந்தது மூன்று. பத்தில் ஆறு பங்குக்குத்தான் நான் காப்பு எடுத்திருப்பதால், எந்த இழப்பிலும் பத்தில் ஆறுதான் அவர்கள் கொடுப்பார்கள். சராசரி விதி என்பார்கள். குறைத்து எழுதுகிற ஒவ்வொருவரும் இதில்தான் மாட்டுகிறோம்.

வலித்தது. ஆனால் கொட்டகை எரிந்தால் போவது கொட்டகையின் விலை மட்டும்தான், அதற்குமேல் போக வழியில்லை.

அடுத்த வருடம் நடந்தது வேறு. ராத்திரி யாரோ படலைத் திறந்துபோட்டுவிட்டுப் போக, என் மாடு இரண்டு ரோட்டில் போய் நின்றன. பைக்கில் வந்தவர் மோதி இடுப்பெலும்பு முறிந்தது. ஏழு மாதம் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு, ஏழு மாதச் சம்பளம், வண்டி, வக்கீல் என்று கணக்குப் போட்டால், கொட்டகையில் நான் விட்டதைப்போல நாலு மடங்கு. ஏஜென்ட் நச்சரித்ததால் அந்த வருடம்தான் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருந்தேன். அது இல்லையென்றால் நிலம் போயிருக்கும்.

அதனால் முதலில் பொறுப்பு. கூலிக்கு ஆள் வைத்திருந்தால் அவர்களுக்குத் தனியாக ஒன்று. பொதுப் பொறுப்பு பாலிசியில் உங்கள் வேலையாள் "மூன்றாம் நபர்" கணக்கில் வரமாட்டார். அப்புறம் கொட்டகை, முழு மதிப்புக்கு. டிராக்டர் ரோட்டில் ஏறினால் அதற்கு வாகனக் காப்பீடு வேண்டும். ஆடு கோழிக்கு இப்போதைக்கு விட்டுவிடலாம். 22 ஆட்டில் இரண்டு செத்தால் வருத்தம்தான், தெருவுக்கு வந்துவிட மாட்டீர்கள்.

வீட்டு பாலிசியை நம்பாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு ஆளை உள்ளே விட்டால் அது தொழில், வீட்டு பாலிசி பெரும்பாலும் தொழிலைத் தொடாது. பலகை மாட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஏழு வயதுப் பையன் பலகையைப் படித்துவிட்டா ஏறுகிறான்? ஏணியை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டுங்கள்.

பதில்: தேனீக்காரி

அண்ணா சொன்னது அத்தனையும் உண்மை. பண்ணைக்கு வருவதற்கு முன் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் பதினொரு வருடம் க்ளைம் பிரிவில் இருந்தேன். நிராகரித்துக் கடிதம் அடித்த கை இது. அங்கே நான் பார்த்தவரை, க்ளைம் சாவது விபத்து நடந்த பிறகு அல்ல, பாலிசி கேட்டு முன்மொழிவுப் படிவம் நிரப்பும்போதே. "விவசாயம்" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். ஆட்கள் வந்து பறிக்கிறார்கள், குழந்தைகள் ஆட்டைத் தொடுகிறார்கள், தேன் விற்கிறோம், குட்டை இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுத்து, அது சேர்ந்திருக்கிறது என்று பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் போனில் "அதெல்லாம் வரும் சார்" என்று சொன்னது எதிலும் சேராது.

தேன் விற்பதால் விற்கும் பொருளுக்கான பொறுப்பும் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். 1928-இல் ஸ்காட்லாந்தில் ஒரு பெண் குடித்த இஞ்சி பானத்தின் பாட்டிலிலிருந்து அழுகிய நத்தை வெளியே வந்ததாக வழக்கு. பாட்டிலை வாங்கியது அவருடைய தோழி. நேரில் வாங்காதவருக்கும் தயாரித்தவர் பொறுப்பு என்று 1932-இல் தீர்ப்பானது. ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த நத்தைக் கதைதான் முதல் பாடம்! ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தரக்கூடாது என்பதை லேபிளில் அச்சடியுங்கள், அது நிஜமாகவே உயிருக்கு ஆபத்து.

ஆட்டைத் தொட்ட குழந்தைகளுக்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்திருக்கிறீர்களா? பார்க்க நன்றாக இருக்கிற ஆட்டின் சாணத்திலும் ஈ.கோலை ஓ157 என்ற கிருமி இருக்கலாம், சின்னக் குழந்தைகளின் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். ஜெல் தடவுவது அதற்கு ஈடல்ல.

பக்கத்து வயலுக்கு மருந்து அடித்துக் கொடுப்பதாக இருந்தால் அதையும் கேளுங்கள், பல பாலிசிகளில் அது விலக்கு. வக்கீல் செலவு பாலிசி கொடுக்கிற தொகையின் உச்சவரம்புக்குள்ளா வெளியிலா என்பதும் முக்கியம். உள்ளே என்றால் வழக்கு இழுக்க இழுக்க இழப்பீட்டுக்கான பணம் கரையும்.

நாலு ஏக்கர்க்காரன்

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. ஏணி உள்ளே போய்விட்டது. சோப்பும் குழாயும் நாளை. நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி ஏஜென்டுக்கு அனுப்பினேன். திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "குட்டை எத்தனை அடி ஆழம், வேலி இருக்கிறதா?" எனக்கே தெரியாது. மூங்கில் கழியை விட்டு அளந்தேன், ஒன்பது அடி. வேலி இல்லை. இந்தச் சனிக்கிழமை யாரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எரிந்த கொட்டகை

வேலி போட்டதும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள் தம்பி. படலுக்கு ஒரு பூட்டும் வாங்குங்கள்.