ஐஸில் வைத்த தமனி ரத்தம்: ஆக்சிஜன் ஒரு நாய்க்குக் கூடுகிறது, மற்றொன்றுக்குக் குறைகிறது

கேள்வி – சிறு பிராணி மருத்துவர்

வணக்கம். எங்கள் மருத்துவமனையில் ரத்த வாயுக் கருவி இல்லாததால், தமனி ரத்தத்தைப் பிளாஸ்டிக் சிரிஞ்சிலேயே மூடி, ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி, நகரின் மறுகோடியில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவது வழக்கம். சோதனைக்குப் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிவிடும். அண்மையில் கையடக்கக் கருவி ஒன்று இரவலாகக் கிடைத்தபோது, ஒரே குத்தலில் எடுத்த ரத்தத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை உடனே சோதித்து, மறுபாதியை வழக்கம்போல் அனுப்பிப் பார்த்தோம். நிமோனியாவுடன் வந்து வெறும் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்த லாப்ரடாருக்கு ஆக்சிஜன் அழுத்தம் உடனடிச் சோதனையில் 68 மி.மீ. (பாதரசம்), ஆய்வகத்தில் 84 மி.மீ. மயக்க நிலையில் தூய ஆக்சிஜன் பெற்றுக்கொண்டிருந்த மற்றொரு நாய்க்கோ 470 என்பது 385 ஆகிவிட்டது. பிஎச், கார்பன் டை ஆக்சைடு இரண்டிலும் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. ரத்த அணுக்கள் ஆக்சிஜனைச் செலவிடுவதால் அளவு குறைவதைப் புரிந்துகொள்ள முடிகிறது, கூடுவது எப்படி?

பதில் – ஆய்வக நுட்பர்

இரண்டு வெவ்வேறு கருவிகள் என்பதால் முதலில் அளவுத்திருத்தத்தைச் சந்தேகிப்பேன். ஆனால் கருவிப் பிழை பொதுவாக ஒரே பக்கமாகச் சாயும். உங்களுடையது எதிரெதிராகப் போகிறது. சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருந்ததா டாக்டர்? குமிழியும் அளவைக் காற்றிலுள்ள ஆக்சிஜனின் அழுத்தமான 150 மி.மீ. பக்கம் இழுக்கும் என்பதால், குறைந்தது கூடும், கூடியது குறையும். மேடுபள்ளமான சாலையில் சிரிஞ்ச் குலுங்கிக்கொண்டே வந்தால் இன்னும் மோசம்.

கேள்வி கேட்டவர்

குமிழியை நீக்கிய பிறகே மூடினோம் ஐயா. அதில் மிகுந்த கவனம் செலுத்துகிறோம்.

பதில் – கால்நடை மயக்கவியல் மருத்துவர்

அப்படியானால் காரணம் சிரிஞ்சின் சுவர்தான். அது செய்யப்பட்ட பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் ஆக்சிஜனைக் கசியவிடும், கண்ணாடி விடாது. ஐஸ் அதைக் குறைக்கும் என்று தோன்றினாலும் நடப்பது நேர்மாறு: குளிரில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பற்றுவதால் பிளாஸ்மாவில் அதன் அழுத்தம் சரிகிறது, வெளியே உள்ள நீருக்கும் உள்ளே உள்ள ரத்தத்துக்கும் இடையிலான வேறுபாடு பெருகுகிறது, ஆக்சிஜன் உள்ளே வருகிறது, அணுக்களும் குளிரில் ஏறக்குறைய உறங்கிவிடுவதால் வந்ததைச் செலவிட ஆளில்லை. கருவி 37 டிகிரிக்குச் சூடாக்கியதும் ஹீமோகுளோபின் பிடியைத் தளர்த்த, கூடுதல் ஆக்சிஜன் முழுவதும் அழுத்தமாக வெளிப்படுகிறது. கார்பன் டை ஆக்சைடு பெரும்பகுதி பைகார்பனேட்டாக இருப்பதால் அசையவில்லை.

இரண்டாவது நாயில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. அதற்கு மேல் கரைந்திருப்பது, ஒவ்வொரு மி.மீ. அழுத்தத்துக்கும் 100 மி.லி. ரத்தத்தில் 0.003 மி.லி. மட்டுமே. நீங்கள் கண்ட 85 மி.மீ. வீழ்ச்சி என்பது 100 மி.லி.க்குக் கால் மி.லி. ஆக்சிஜன்தான். அவ்வளவு சொற்பம் சுவர் வழியாக வெளியேறுவதும் அணுக்கள் செலவிடுவதும் வியப்பில்லை.

மருத்துவ நோக்கில் எனக்கு 470 கவலை தரவில்லை. 385 என்றாலும் அந்த நாய்க்குச் செய்வது மாறாது. 68 என்பது 84 ஆனதுதான் ஆபத்து, ஏனெனில் ஆக்சிஜன் கொடுக்க வேண்டிய நாயை வீட்டுக்கு அனுப்பத் தூண்டும் எண் அது. பிளாஸ்டிக் சிரிஞ்சாக இருந்தால் ஐஸில் வைக்காமல் 30 நிமிடத்துக்குள் சோதியுங்கள். தாமதம் தவிர்க்க முடியாதென்றால் கண்ணாடி சிரிஞ்சை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். வெள்ளணுக்கள் மிக அதிகமாக உள்ள நோயாளிக்கு அந்த அரை மணியும் நீளம்.

கேள்வி – கிராமப்புறக் கால்நடை மருத்துவர்

இதே இழையில் என் ஐயத்தையும் கேட்டுக்கொள்கிறேன். கழிச்சல் கண்ட கன்றுகளின் கழுத்துச் சிரை ரத்தத்தை எடுத்துச் செல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நானும் ஐஸைக் கைவிட வேண்டுமா?

பதில் – கால்நடை மயக்கவியல் மருத்துவர்

வேண்டாம், உங்களுக்குத் தேவை ஆக்சிஜன் அன்று, பேஸ் எக்ஸெஸ் (ரத்தத்தில் காரம் எவ்வளவு மிகை அல்லது குறை என்பதைக் காட்டும் அளவு; மைனஸ் என்றால் குறை). அறை வெப்பநிலை என்று வழிகாட்டி நூல்கள் கருதுவது 22 டிகிரியைச் சுற்றி. மே மாதத்தில் நம் வண்டிப் பெட்டிக்குள் இருப்பது உடல் சூடு. மனித ரத்தத்தில் 37 டிகிரியில் மணிக்குச் சுமார் 0.05 பிஎச் இறங்கும், கார்பன் டை ஆக்சைடு 5 மி.மீ. ஏறும், ஐஸ் தண்ணீரில் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கன்றின் ரத்தத்திலும் சர்க்கரை எரிந்து லாக்டேட் சேர்வதே காரணம் என்பதால் ஐஸ் தண்ணீர் நல்லது. ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டவைத்தால் சிவப்பணுக்கள் உறைந்து உடையும்.

பிழையின் அளவையும் பாருங்கள். 40 கிலோ கன்றுக்கு பேஸ் எக்ஸெஸ் மைனஸ் 15 என்றால் 40 × 15 × 0.6 (உடல் எடையில் பைகார்பனேட் பரவும் பங்கு) = 360 மில்லிமோல், அதாவது ஏறத்தாழ 30 கிராம் சோடியம் பைகார்பனேட். சேமிப்பால் ஒரு அலகு பிசகினாலும் மாறுவது 2 கிராம்தான். பொட்டாசியத்தை மட்டும் நம்ப வேண்டாம்: பொட்டாசியத்தை அணுவுக்குள் இழுத்து வைக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் குளிரில் நின்றுவிடும், வளர்ந்த மாட்டின் சிவப்பணுவில் பொட்டாசியம் பொதுவாகக் குறைவு என்றாலும், பிறந்த கன்றின் அணுவில் அது மிகுதி, ஆகவே கசிய இடமுண்டு. குதிரைக்கும் அகிடா இன நாய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பதில் – ஆய்வக நுட்பர்

ஒன்றைச் சேர்க்கிறேன். ரத்தம் உறையாமலிருக்கச் சிரிஞ்சில் சேர்க்கும் திரவ ஹெப்பாரின் மிஞ்சினால் ரத்தம் நீர்த்து, பைகார்பனேட்டும் அயனிக் கால்சியமும் குறைந்து காட்டும். சிறிய கன்றிடம் குறைவாக ரத்தம் எடுக்கும்போது இது இன்னும் அதிகம். உலர் ஹெப்பாரின் சிரிஞ்ச் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். வந்து சேர்ந்த சிரிஞ்சை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கலக்கி, முனையில் உள்ள முதல் துளிகளை வெளியேற்றிய பிறகே கருவியில் செலுத்த வேண்டும். குதிரை ரத்தம் மிக விரைவாக அடியில் படியும் என்பதால் அதற்கு இது கட்டாயம்.