புதுப்பிப்பு: மவுஸ் இல்லாமல் நிரப்ப முடியாத அந்தப் படிவம்

எங்கள் தளத்தின் விண்ணப்பப் படிவத்தைக் கீபோர்டை மட்டும் வைத்து முடிக்க முடியவில்லை, எங்கிருந்து தொடங்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது முடிகிறது.

பெரிய வில்லன் 'சமர்ப்பி' பட்டன்தான். அது பட்டனே இல்லை, ஒரு டிவ்வுக்கு (பக்கத்தில் எதையும் வைக்க உதவும் வெறும் பெட்டி) நிறம் அடித்து க்ளிக்கை மட்டும் மாட்டியிருந்தார்கள். டேப் அழுத்தினால் அதைத் தாண்டி ஓடிவிடும், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானும் அதைப் பட்டன் என்று சொல்லாது. ஏரியா (ARIA) ரோல், அதாவது 'இது பட்டன்' என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் குறிப்பு, போடச் சிலர் சொன்னீர்கள், ஆனால் அது அடையாளத்தைத்தான் மாற்றும், என்டருக்கும் ஸ்பேஸுக்கும் நாமேதான் நிரல் எழுத வேண்டும். நிஜமான பட்டன் உறுப்பையே போட்டோம், எல்லாம் தானாக வந்துவிட்டது.

அப்புறம் ஃபோகஸ் கோடு, அதாவது டேப் அழுத்தும்போது எங்கே இருக்கிறோம் என்று காட்டும் கோடு. அழகு கெடுகிறது என்று தளத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் அந்தக் கோட்டையே (அவுட்லைன்) எடுத்திருந்தார்கள் (இந்த ஒரு வரியால் எத்தனை தளங்கள் பாழாகின்றனவோ!). தேவைப்படும்போது மட்டும் கோட்டைக் காட்டும் ஃபோகஸ்-விசிபிள் வழியாகத் திரும்பக் கொண்டுவந்ததால் பட்டனை மவுஸால் க்ளிக் செய்பவர்களுக்குக் கோடு தெரிவதில்லை, டிசைனரும் சமாதானம்.

வெளிர்சாம்பல் எழுத்துகளை 4.5:1 கான்ட்ராஸ்டுக்கு (எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வேண்டிய குறைந்தபட்ச வேறுபாடு) கொண்டுவந்தாயிற்று. தேதி தேர்வு செய்யும் காலண்டர் மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது. அதைத் தூக்கிவிட்டு நாள், மாதம், வருடம் என்று மூன்று பெட்டிகள் வைக்கப்போகிறோம்.