இடது லேட்டரல் டெரிகாய்டு செயலிழந்தா தாடை எந்தப் பக்கம் ஒதுங்கும்?

ஓசூர்க்காரன்:
பெங்களூருல பி.டி.எஸ். (பல் மருத்துவம்) முதல் வருஷம் படிக்கிறேன். அனாடமி வைவால (வாய்மொழித் தேர்வு) சார் கேட்டது இது: மெல்லும் தசைகள் நாலுல ஒண்ணான லேட்டரல் டெரிகாய்டு இடது பக்கம் வேலை செய்யலைன்னா, வாயைத் திறக்கும்போது தாடை எந்தப் பக்கம் ஒதுங்கும்? அந்தத் தசை தாடையை எதிர்ப்பக்கம் தள்ளும்னு படிச்சிருந்தேன். அதனால வலதுன்னேன், தப்புன்னுட்டார். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் புத்தகத்தைப் புரட்டியும் பிடிபடல. அடுத்த வாரம் மறுபடி வைவா இருக்கு.

இன்னொண்ணு, மெல்லும் தசைகள் வாயை மூடத்தானே? இது மட்டும் எப்படித் திறக்குது?

அல்சூர்வாசி:
விடை இடது. நீ படிச்ச விதி தசை சுருங்கும்போது நடக்கிறது. இங்க அது சுருங்கவே இல்லையே.

பல்டாக்டர் அக்கா:
தம்பி, ரெட்டை மாட்டு வண்டியை நினைச்சுக்கோ. இடது மாடு நின்னுபோச்சு, வலது மாடு நடக்குது. வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? நின்ன மாட்டுப் பக்கம்தான். இங்கயும் வலது லேட்டரல் டெரிகாய்டு தன் பக்கத்துக் காண்டைலை (காதுக்கு முன்னால இருக்கிற கீழ்த்தாடை எலும்போட உருண்டை முனை) முன்னால கொண்டுபோகும், இடது காண்டைல் இருந்த இடத்துலயே கிடக்கும். அதனால முகவாய் இடப்பக்கம் ஒதுங்கும்.

உன் ரெண்டாவது கேள்விக்கு, தசைப் பேரை விட்டுட்டு நார் ஓடுற திசையைப் பார். மசீட்டர் கன்ன எலும்பு வளைவுலிருந்து கீழ்த்தாடைக் கோணத்துக்கு இறங்குது. மீடியல் டெரிகாய்டு அதே கோணத்தை உள்பக்கமா பிடிச்சிருக்கு. டெம்பொராலிஸ் நெற்றிப்பொட்டுலிருந்து விசிறி மாதிரி குவிஞ்சு கீழ்த்தாடையோட காரனாய்டு முனைக்கு (காண்டைலுக்கு முன்னால இருக்கிற எலும்பு நீட்சி) வருது. மூணும் தாடையை மேல தூக்கும். லேட்டரல் மட்டும் கிட்டத்தட்ட படுக்கைவாட்டுல பின்னால போய் காண்டைல் கழுத்தைப் பிடிக்குது. அது சுருங்கினா காண்டைல் முன்னால வழுக்கும். அதே நேரம் டைகாஸ்ட்ரிக் மாதிரி கழுத்துப் பக்கத் தசைகள் முகவாயைக் கீழே இழுக்க, வாய் திறக்குது.

ரெண்டு காதுக்கும் முன்னால விரல் வெச்சு வாயை நல்லாத் திற. காண்டைல் நகர்றது விரல்லயே தெரியும். படத்தைவிட இது மறக்காது.

மல்லேஸ்வரம் மாணவி:
அக்கா, கன்னத்துல இருக்கிற பக்சினேட்டரும் மெல்ல உதவுதே, அதையும் சேர்த்தா அஞ்சு இல்லையா?

பல்டாக்டர் அக்கா:
உதவும்மா, சோறு கன்னத்துக்குள்ள ஒதுங்காம பல்லுக்கு நடுவுல தள்ளிக் கொடுக்கும். ஆனா அதுக்கு நரம்பு ஏழாவது, முக நரம்பு. மற்ற நாலுக்கும் ஐந்தாவது நரம்போட மேண்டிபுலர் கிளை. வைவால அஞ்சுன்னு மட்டும் சொல்லிடாதே.

ஓசூர்க்காரன்:
அக்கா, ரொம்ப நன்றி! கண்ணாடி முன்னால நின்னு பார்த்தேன், விரலுக்கடியில நகருது. நிப்பட்டு கடிக்கும்போது நெற்றிப்பொட்டு துடிக்கிறதும் தெரிஞ்சுது. ஒரே ஒரு சந்தேகம்: முன்னால போன தாடையைத் திரும்ப உள்ளே இழுக்கிறது எது?

பல்டாக்டர் அக்கா:
அதே டெம்பொராலிஸ்தான், ஆனா அதோட பின்பக்க நார்கள். அவை மட்டும் படுக்கைவாட்டுல ஓடுது. காதுக்கு மேல விரல் வெச்சு, நீட்டின தாடையை உள்ளே இழுத்துப் பார்.