ஷிப்ட் வேலையோடு படித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஓசூர் லேத்:
டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின், ஓட்டுகிறேன். போன வருஷம் ஐஐடிகள் ஆன்லைனில் நடத்தும் என்பிடெல்லில் (NPTEL) மெட்டல் கட்டிங் பாடம் படித்தேன். வீடியோ, வாராவாரம் அசைன்மென்ட் எல்லாம் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் 1000 ரூபாய் கட்டி, சென்டருக்கு நேரில் போய் எழுத வேண்டும். மார்க்கில் அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75.

பாடம் ஆங்கிலத்தில்தான். கம்பெனி பஸ்ஸில் பாதி வழி தூங்கி, மீதி வழி கேட்பேன். அப்படி ஒரு நாள், வெட்டும் வேகம் ஏறினால் டூல் ஆயுள் எவ்வளவு குறையும் என்று சொல்லும் டெய்லர் சூத்திரம் வந்தது. கார்பைடு டூலுக்கு அந்தச் சூத்திரத்தில் வழக்கமாகப் போடும் மதிப்பை வைத்துப் பார்த்தால், வெட்டும் வேகத்தை 20 சதவீதம் ஏற்றினாலே டூல் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. எங்கள் லைனில் டார்கெட் ஏறும்போதெல்லாம் ஸ்பீடை ஏற்றச் சொல்வார்கள். அப்புறம் இன்சர்ட் (டூல் நுனியில் மாட்டும் வெட்டும் துண்டு) ஏன் இப்படித் தீருகிறது என்று நம்மையே பிடிப்பார்கள். அந்தக் கணக்கை ஒரு பேப்பரில் போட்டு சூப்பர்வைசரிடம் நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிப்பா, ஸ்பீடைக் குறைச்சு ஃபீடை ஏத்திப் பாரு" என்றார். இன்சர்ட் கூடுதல் நேரம் தாங்கியது.

தேர்வுக்கு லீவு கேட்டபோது மட்டும் அதே மனிதர், "நீ எழுதப் போயிட்டா மெஷினை யார் பார்ப்பா?" என்றார். கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டதால்தான் பெங்களூர் போய் எழுத முடிந்தது. அந்த ஒரு நாளை ஆன் டியூட்டியாக, அதாவது வேலை நாளாகவே கணக்கில் வைத்து, கொடுத்தால் எங்கள் லைனிலேயே இன்னும் நாலு பேர் எழுதுவார்கள்.

மில்லுக்காரி:
தம்பி, வாழ்த்துகள். நான் பத்தாவதோடு மில்லுக்குப் போனவள். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ இல்லாமலே நேரடியாக டிகிரி சேரலாம் என்று ஊரில் பலர் சொன்னார்கள். ஆனால் நான் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதிவிட்டுத்தான் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேர்ந்தேன். காரணம் 2009-இல் வந்த அரசாணை 107. பத்தாவதும் பிளஸ் டூவும் இல்லாமல் வாங்கிய திறந்தநிலைப் பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது. எங்கள் தெருவில் ஒரு அக்கா டிகிரி கையில் இருந்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வந்தார். பணம் கட்டும் முன் இதை விசாரியுங்கள்.

கோவை பம்ப்செட்:
கரஸ்ஸில் (தபால் வழியில்) பி.இ. என்று இன்னும் சிலர் ஆள் பிடிக்கிறார்கள், பக்கத்திலேயே போகாதீர்கள். அப்படிச் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் கொடுத்த பட்டங்கள் செல்லாது என்று 2017 நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிப்ளமோவும் வேலை அனுபவமும் இருந்தால் பகுதிநேர பி.இ. இருக்கிறது, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் சாயங்கால வகுப்பு. நைட் ஷிப்ட் வாரத்தில் வகுப்பு முடிந்த கையோடு கம்பெனிக்கு ஓட வேண்டும். சாப்பாடு பஸ் ஸ்டாண்டில்தான்.

ஓசூர் லேத்:
அண்ணா, அந்தப் பகுதிநேர பி.இ.க்கு அனுபவச் சான்றிதழ் கம்பெனி லெட்டர்ஹெட்டில்தான் வேண்டுமா? எங்கள் ஹெச்ஆர் காண்டிராக்ட் ஆட்களுக்குத் தர மாட்டேன் என்கிறார்கள்.