ஏஞ்சல் மீன் ஜோடியோடு வேறு எந்த மீனை விடலாம்? என் தொட்டியில் இரவில் நடந்தது

4 அடித் தொட்டியில் 6 ஏஞ்சல் குஞ்சுகளை ஒன்றாக விட்டு வளர்த்தேன். ஜோடியை அவையே தேர்ந்துகொள்ளட்டும் என்பதுதான் எண்ணம். ஒன்பதாவது மாதம் இரண்டு மீன்கள் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, அமேசான் சோர்ட் என்ற நீர்ச்செடியின் இலை ஒன்றை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்ய ஆரம்பித்தன. மற்ற நான்கையும் வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டேன். கூட இருந்த 6 கோரிடோராஸ், ஒரு பிரிசில்நோஸ் பிளெக்கோ, 10 நியான் டெட்ரா, இவற்றை மட்டும் மாற்றவில்லை. எல்லாமே சாதுவான மீன்கள் என்று நம்பினேன்.

சாயங்காலம் வரிசை வரிசையாக முட்டை. காலையில் இலை வெறுமையாக இருந்தது. இளம் ஜோடி முதல் சில தடவை தன் முட்டையைத் தானே தின்றுவிடும் என்பார்கள், அது உண்மையும்கூட. அதனால் பெற்றோரைத்தான் சந்தேகப்பட்டேன். பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடியும் முட்டை, மறுபடியும் வெறும் இலை.

மூன்றாவது தடவை விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். நள்ளிரவுக்கு மேல் மங்கலான டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், பிளெக்கோ இலையின் அடியிலிருந்து மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. பெற்றோர் இரண்டும் பக்கத்தில்தான் நின்றன. ஏதோ நடக்கிறது என்று தெரிந்து பதறின, ஆனால் எதன் மேல் பாய்வது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. பகலில் அதே பிளெக்கோ ஒரு சாண் தூரத்தில் வந்தாலே துரத்தியடிப்பவை! ஏஞ்சல் கண்ணால் பார்த்துக் காவல் காக்கிற மீன். பிளெக்கோவும் கோரிடோராஸும் இருட்டிலும் இரை தேடுபவை. அந்த இரவில் எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. இரண்டு ஈடு முட்டைக்கு அந்த ஜோடியைக் குறை சொல்லியிருக்கிறேனே.

அடுத்த ஈட்டுக்கு ஒரு சின்ன இரவு விளக்கை எரியவிட்டேன். 28 டிகிரி வெப்பத்தில் சுமார் 60 மணி நேரத்தில் முட்டைகள் பொரிந்தன. இலையில் ஒட்டியபடி துடிக்கிற குஞ்சுகள் சில சமயம் கீழே விழும். பெற்றோர் அவற்றை வாயில் கவ்வி எடுத்து மறுபடி இலையில் துப்பும். பார்க்கக் கண் கொள்ளாத காட்சி அது. ஆனால் மணலில் விழுந்தவற்றில் பாதியைக் கோரிடோராஸ் முந்திக்கொண்டது. அப்புறம்தான் ஜோடியை உயரமான 80 லிட்டர் தொட்டிக்குத் தனியாக மாற்றினேன். ஸ்பான்ஜ் ஃபில்டர், முட்டையிடச் சாய்த்து வைத்த ஒரு ஸ்லேட் பலகை, வேறொன்றும் கிடையாது.

நியான் டெட்ராவா? வளர்ந்த ஏஞ்சலுக்கு அது இரை. பத்தில் மூன்றுதான் மிஞ்சியது.

*

என் அனுபவம் டைகர் பார்ப் மீன்களோடு. வேண்டவே வேண்டாம். ஏஞ்சலின் நீண்ட வயிற்றுத் துடுப்புகளைக் கடித்துக் கடித்துக் குட்டையாக்கிவிட்டன. பயந்து மூலையில் ஒதுங்கி நிற்கிற மீன் எங்கே முட்டை போடும்? அவற்றை எடுத்த பிறகுதான் முட்டை வந்தது.

இன்னொன்றையும் சொல்கிறேன். எனக்கு வந்த முட்டையெல்லாம் இரண்டு நாளில் வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்தது. கூட இருந்த நத்தைகள்தான் காரணம் என்று பொறுக்கிப் பொறுக்கி வெளியே போட்டேன். கடைசியில் பார்த்தால் ஜோடி என்று நினைத்த இரண்டுமே பெண். முட்டையிடும் நேரத்தில் வெளியே வரும் குழல் இரண்டுக்கும் தடிமனாக, முனை மழுங்கி இருந்தது. ஆணுக்கு அது மெல்லியதாகக் கூர்மையாக இருக்கும். துணை மீனைக் குறை சொல்லும் முன் இதையும் பாருங்கள்.

*

தனியாக வைப்பது எல்லா ஜோடிக்கும் ஒத்துவராது. என் ஜோடியைத் தனித் தொட்டியில் விட்ட ஒரு வாரத்தில் ஆண் பெண்ணை விரட்டி உதட்டைக் கிழித்துவிட்டது. துரத்த வெளி ஆள் இல்லாதபோது கோபம் துணைமேல் திரும்புகிறது, நான் பார்த்தவரை அப்படித்தான். 6 லெமன் டெட்ராவை விட்டேன். ஏஞ்சல் வாய்க்கு அடங்காத உடல், துடுப்பைக் கடிக்கும் தொல்லையும் வரவில்லை. அன்றிலிருந்து ஜோடி இரண்டும் தோளோடு தோள் நின்று டெட்ராக்களை எல்லை தாண்டவிடாமல் காத்தன.

முட்டைக்கு ஆபத்து வரவில்லை. குஞ்சுகள் நீந்த ஆரம்பித்ததும்தான் சிக்கல், நாளுக்கு நாள் எண்ணிக்கை குறைந்தது. இப்போது தொட்டியின் குறுக்கே கண்ணாடித் தடுப்பு வைத்து டெட்ராக்களை அந்தப் பக்கம் விட்டிருக்கிறேன். ஜோடி கண்ணாடி வழியாக அவற்றை முறைத்துக்கொண்டே இருக்கிறது, இந்தப் பக்கம் குஞ்சுகள் ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலைத் தின்று வயிறு சிவந்து திரிகின்றன.

*

பிளெக்கோ கதையை முதலில் எழுதியது நான்தான். கண்ணாடித் தடுப்பு எனக்குத் தோன்றவே இல்லை, ரொம்ப நன்றி. என் ஆணும் நேற்றிலிருந்து கொஞ்சம் விரட்டுகிறது. பெண்ணுக்குக் குழல் வெளியே வந்துவிட்டது, ஸ்லேட்டைக் கொத்த ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கே கண்ணாடி வெட்டி வாங்கி வருகிறேன்.