காந்தப்புல சென்சார்: 50 கொடுத்தால் 100 வருகிறது, அவசரம்

லேப்_தம்பி: ஆப்டிகல் ரெசனேட்டர் (ஒளியை உள்ளே அடைத்து, சில அலைநீளங்களில் மட்டும் ஒத்ததிரும் சாதனம்) வைத்துக் காந்தப்புலம் அளக்கிறேன். காயிலில் 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் ஸ்கோப்பில் 100-ல் பீக் நிற்கிறது, 50-ல் ஒன்றுமே இல்லை. திங்கட்கிழமை ரிவ்யூ. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை: எந்த ரெசனேட்டர் தம்பி? எதிரெதிர் ஆடிகள் வைத்த ஃபேப்ரி-பெரோவா, குட்டிக் குண்டு மாதிரி மைக்ரோஸ்பியரா? காந்தத்தை உணர்வது எது? காயிலுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

மேலமாசி: டியூப்லைட்தான், சந்தேகமே வேண்டாம். மெயின்ஸ் 50 என்றால் வெளிச்சம் நொடிக்கு 100 தடவை துடிக்கும். அது போட்டோடயோடில் விழுகிறது.

லேப்_தம்பி: லைட்டை அணைத்தும் அதேதான் அண்ணே. சிலிக்கா மைக்ரோஸ்பியர், காந்தப்புலத்தில் நீளும் டெர்ஃபெனால்-டி உலோகக் கம்பியில் ஒட்டியிருக்கு. 1550 நானோமீட்டர் லேசர். காயிலுக்கு மெயின்ஸ்தான், ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாக.

பழைய_ஓம்: இதை முதல் பதிவிலேயே எழுத என்ன கேடு? டெர்ஃபெனால் திசை பார்க்காது. புலம் இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் நீளத்தான் செய்யும். ஆக ஒரு சுழற்சிக்கு இரண்டு நீட்சி. கம்பி நீளும்போதெல்லாம் குண்டு இழுபட்டு ரெசனன்ஸ் நகர்கிறது, அதனால்தான் 50-க்கு 100. காந்தப்புலத்தால் நீளம் மாறுவதற்குக் காந்தச்சுருக்கம் என்று பாடத்தில் ஒரு அத்தியாயமே இருக்கிறது, புத்தகத்தைத் திறந்தால் தெரியும்.

வைகைக்கரை: ஓம் சார் சொன்னது சரி, சொன்ன விதம் வழக்கம்போல. ஆனால் பவர் சப்ளை இரைச்சலும் 100-ல்தான் வரும், அதனால் மெயின்ஸை விடு. ஃபங்ஷன் ஜெனரேட்டரை ஆடியோ ஆம்ப்ளிஃபையர் வழியாக காயிலுக்குக் கொடுத்து 70 வை. பீக் 100-லேயே நின்றால் வெளி இரைச்சல். 140-க்கு ஓடினால் டெர்ஃபெனால். அப்புறம் கம்பியின் அச்சில் ஒரு நிலைக்காந்தம் வைத்துப் பார்; புலம் ஒரே பக்கமாகவே இருந்து கூடிக் குறையும், அதனால் 70 எழும். இன்னொன்று: அறையின் ஏசி நின்று சூடு ஏறினால் ரெசனன்ஸ் டிகிரிக்குப் பத்து பிக்கோமீட்டர் போல நகரும், லேசர் ரெசனன்ஸ் வளைவின் சாய்விலிருந்து வழுக்கிவிடும்.

மேலமாசி: தனிக் காந்தம் எதுக்கு? பூமியின் புலமே இருக்கே. நம்மூரில் காந்த ஊசி கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும். கம்பியை வடக்கு தெற்காகத் திருப்பினால் முடிந்தது.

பழைய_ஓம்: 40 மைக்ரோடெஸ்லா! டெர்ஃபெனாலுக்கு மில்லிடெஸ்லாவே பத்துக்கணக்கில் வேண்டும், அதாவது பல நூறு மடங்கு.

மேலமாசி: புலம் சின்னது என்றால் திருநெல்வேலியில் புவிக்காந்த ஆய்வகம் எதற்கு வைத்தார்களாம்?

பழைய_ஓம்: காந்த நடுக்கோடு பக்கத்தில் போவதால். அதன் மேலே அயனி மண்டலத்தில் கிழக்கு மேற்காக மின்னோட்டம் பாய்கிறது, அதைக் கவனிக்க. கம்பியை நீட்ட இல்லை ஐயா.

கொடை_குளிர்: கொடைக்கானலை மறந்துட்டீங்களே. 1899-லிருந்து இருக்கும் ஆய்வகம், அங்கேயும் பூமியின் காந்தத்தை அளந்தார்கள்.

மேலமாசி: அது சூரியனைப் பார்க்கிற இடம்.

கொடை_குளிர்: இரண்டும்தான்.

லேப்_தம்பி: 140 வந்தது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்ததும் 70 வந்துவிட்டது. நன்றி அண்ணே.

வைகைக்கரை: 140 முழுசாகப் போனதா, கொஞ்சம் மிச்சம் இருக்கா? காந்தம் எவ்வளவு தூரத்தில் வைத்தாய்? தம்பி?

மேலமாசி: ஃபோட்டோவும் போடு. வடக்கு தெற்காகத்தான் வைத்திருப்பான், பாருங்க.