நெய்யாற்றோரம் ஆறு செண்ட்: பெர்மிட் திரும்பி வந்துவிட்டது, பழைய வீட்டை இடிக்கலாமா?

பொழியோரம்:
வணக்கம். நாங்கள் கொல்லங்கோட்டுக்காரர்கள். அம்மா வழியில் வந்த ஆறு செண்ட், எல்லை தாண்டி கேரளப் பக்கம் நெய்யாற்றோரத்தில் இருக்கிறது. ஆறு கடலில் சேரும் பூவாறு பொழியிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே. தாத்தா கட்டிய ஓட்டு வீடு, 620 சதுர அடி. கதவு எண் உண்டு. 1987 முதல் வீட்டு வரி ரசீதுகளை அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். போன இடவப்பாதி மழையில் அடுக்களைச் சுவர் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டது. உத்திரம் முழுக்கக் கரையான்.

1,100 சதுர அடியில் புது வீட்டுக்கு விண்ணப்பித்தோம். இரண்டு காரணம் எழுதித் திருப்பிவிட்டார்கள். ஒன்று, சி.ஆர்.இசட் என்கிற கடலோர ஒழுங்குமுறை மண்டலம். இன்னொன்று, வில்லேஜ் பதிவேட்டில் இடம் ‘நிலம்’, அதாவது வயல் என்று கிடக்கிறது. கடல் எங்கே, நாங்கள் எங்கே? எங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். மேஸ்திரியோ, “மராமத்து என்று சொல்லி இடித்துக் கட்டிவிடலாம், நம்பரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். அம்மாவுக்கு 71 வயது. அடுத்த மழைக்கு அந்த வீட்டில் அவரை வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பாறசாலை பிளான்காரர்:
தம்பி, முதலில் அந்தச் சுவரில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள், அம்மாவை வேறு இடத்தில் தங்க வையுங்கள். ஆனால் இடிக்காதீர்கள். 1991-இல் முதல் சி.ஆர்.இசட் அறிவிப்பு வருவதற்கு முன்பே அனுமதியோடு நின்ற வீடு என்பதற்கு அந்த வீடும் பிஸ்கட் டப்பாவும்தான் சாட்சி. தடைப் பகுதிக்குள் இருந்தாலும், பழைய அஸ்திவாரப் பரப்பும் மொத்தத் தளப் பரப்பும் கூடாமல் திருப்பிக் கட்ட விதி இடம் தருகிறது. வீடு தரைமட்டமானபின் எதைக் காட்டி அதைக் கேட்பீர்கள்?

கடல் தூரம் என்பது இங்கே கணக்கில்லை. ஓதம் ஏறி இறங்கும் ஆறும் காயலும் இந்த விதிக்குள் வரும். எதுவரை என்றால், வறண்ட காலத்தில் தண்ணீரில் உப்பு ஆயிரத்தில் 5 பங்கு இருக்கும் இடம் வரை. கிணறு இனிப்பதை வைத்துச் சொல்ல முடியாது, மேடத்தில், அதாவது சித்திரை வாக்கில், ஆற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்துப் பாருங்கள்.

இனி முக்கியமான விஷயம். 2011 அறிவிப்பில் இப்படிப்பட்ட ஆற்றோரத்துக்குத் தடை எல்லை, ஓதம் ஏறும் உயர் அலைக் கோட்டிலிருந்து 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2019 அறிவிப்பில் அந்த 100, 50 ஆகிவிட்டது. கேரளத்தின் புது வரைபடத்துக்கு 2024 அக்டோபரில்தான் மத்திய அனுமதி வந்தது. உங்கள் விண்ணப்பத்தை எந்த வரைபடம் வைத்துப் பார்த்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் இடத்தில் ஆறு எவ்வளவு அகலம்?

பொழியோரம்:
மேஸ்திரி டேப் பிடித்துப் பார்த்தார். தண்ணீரிலிருந்து எங்கள் முன்வேலிக்கு 7 மீட்டர்தான் இருக்கிறது. ஆற்றின் அகலம் நாற்பதுக்குப் பக்கம் வரும் என்கிறார்.

நீரோடி அண்ணாச்சி:
மக்கா, அப்போது பொழி அடைந்து கிடந்ததா, முறிந்திருந்ததா? மணல் திட்டு மூடிக் கிடந்தால் தண்ணீர் தேங்கி வேலி வரை ஏறும். பொழி முறிந்த மறுநாள் அதே இடத்தில் சேறு தெரியும். உயர் அலைக் கோடு என்பது அன்றன்றைக்குத் தண்ணீர் நிற்கிற இடம் இல்லை, வரைபடத்தில் குறித்து வைத்த கோடு. டேப்பை மடக்கி வையுங்கள்.

பாறசாலை பிளான்காரர்:
அண்ணாச்சி சொன்னதுதான் சரி. ஆக்குளத்தில் இருக்கும் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் இதற்கு அங்கீகாரம் உள்ள நிறுவனம். சர்வே எண், ஸ்கெட்ச், கரம் தீர்த்த (நில வரி கட்டிய) ரசீது எல்லாம் கொடுத்துப் பணம் கட்டினால், 1:4000 அளவில் உங்கள் செண்டைக் கோட்டோடு சேர்த்துப் போட்டுத் தருவார்கள். அந்த அறிக்கை இல்லாமல் மேசைக்கு இரண்டு பக்கமும் வெறும் பேச்சுத்தான்.

மேஸ்திரி வழி வேண்டவே வேண்டாம். கொச்சிப் பக்கம் மரடில் சி.ஆர்.இசட் விதியை மீறிய அடுக்குமாடிகளுக்கு 2006-இல் பஞ்சாயத்தே பெர்மிட் கொடுத்திருந்தது. உச்ச நீதிமன்ற உத்தரவில் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு குடியிருப்புகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பெர்மிட் இருந்தவர்களுக்கே அந்தக் கதி.

உச்சக்கடை அக்கா:
தம்பி, ‘நிலம்’ விஷயம் நான் நடந்து முடித்தது. இடம் நெல்வயல் டேட்டா பேங்கில், அதாவது அரசின் வயல் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதிலிருந்து நீக்க ஐந்தாம் நம்பர் படிவம், வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வுக்கு. இல்லாமல் பதிவேட்டில் மட்டும் ‘நிலம்’ என்றால், பத்து செண்டுக்குள் 120 சதுர மீட்டர் வரை வீடு கட்டத் தரம் மாற்றும் அனுமதியே தேவையில்லை, கேரளத்தின் 2008 நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஏ பிரிவைச் சொல்லுங்கள். உங்கள் 1,100 சதுர அடி 102 சதுர மீட்டர்தான், அதற்குள் அடங்கிவிடும்.

பொழியோரம்:
அறிக்கை வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி. உயர் அலைக் கோட்டிலிருந்து முன்வேலி 12 மீட்டர். அந்த இடத்தில் ஆற்றின் அகலம் 28. அதனால் தடை 28 மீட்டரோடு முடிகிறது. பழைய வீடு உள்ளே மாட்டுகிறது, ஆனால் பின்பக்கம் 11 மீட்டர் ஆழத்துக்கு இடம் வெளியே நிற்கிறது. டேட்டா பேங்கிலும் நாங்கள் இல்லை. கீழும் மேலுமாக இரண்டு தளம் போட்டுப் பின்னால் தள்ளி வரைந்து கொடுத்திருக்கிறோம். பழைய திண்ணையையும் கிணற்றையும் அப்படியே விடுகிறோம். சாயங்காலம் அங்கே உட்கார்ந்துதான் அம்மா ஆற்றைப் பார்ப்பார். செப்டிக் டேங்கை மட்டும் முன்பக்கம் வைக்கலாமா? பின்னால் இடம் நெருக்கம்.

பாறசாலை பிளான்காரர்:
கூடாது தம்பி. அதுவும் கட்டுமானம்தான், 28 மீட்டருக்குப் பின்னால்தான் வர வேண்டும். உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே ஏழரை மீட்டர் விடுங்கள். மாடிப்படியைக் கொஞ்சம் திருப்பினால் இடம் கிடைக்கும், பிளானை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.